வெள்ளைச் சேலையும் நந்தனின் நெருப்பும்

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு உருவம்தான். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைப் பாடிச் சமாதானப்படுத்தும் ஔவைப் பாட்டி. பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் ‘திருவிளையாடல்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் பிறக்கும்போதே கிழவியாகப் பிறந்தவர். கார்த்திகை மாதத்துக் கோயில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் ஏறி வரும்போது, கடவுள் மறுப்பாளர்கள்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

பக்திப் படங்களில் பாடியவர், காங்கிரஸ் மேடைகளில் முழங்கியவர், முருக பக்தர். இவரைப் பற்றி ஒரு சாதி எதிர்ப்புத் தளத்தில் ஏன் எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். என் பதில் இதுதான்: இந்தப் பெண் திரையில் முதன்முதலில் ஏற்ற வேடம் நந்தன். 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஒரு பெண், அதுவும் இரண்டாண்டுகளுக்கு முன் கணவரை இழந்த இளம்பெண், பண்ணையடிமையாக இருந்த ஒரு தலித் ஆணாக நடித்தார். நம் நினைவில் ஔவை நிலைத்துவிட்டாள், நந்தன் கழன்று விழுந்துவிட்டான். எதை வைத்துக்கொண்டோம், எதை உதிர்த்தோம் என்பதில் சாதி வேலை செய்திருக்கிறது.

பசியிலிருந்து மேடைக்கு

1908-இல் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். தந்தையை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். தாய் பாலாம்பாள் பட்ட வறுமையை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் பதிவு செய்திருக்கிறார்கள். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேச ஐயர் ‘கண்டெடுத்து’ வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்த்ததாகச் சொல்வது வழக்கம். இந்தக் ‘கண்டெடுத்தல்’ என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். அந்தக் குழந்தை தொலைந்து போகவில்லை, வேலை செய்துகொண்டிருந்தது. தன் குரலை விற்றுக் குடும்பத்துக்குச் சோறு கொண்டுவந்தது. உழைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை, யாரோ பெரியவர் கண்ணில் பட்ட பிறகுதான் கலைஞராகக் கணக்கில் எடுக்கிறது நம் கலை வரலாறு.

கம்பெனியில் அவருக்குக் கிடைத்த முதல் வேடங்களில் ஒன்று ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் துடிக்கும் சிறுவன். பசி தாங்காமல் பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கும் தாயின் கதை அது. அந்தப் பிள்ளைக்கு நடிப்புச் சொல்லித்தர யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். அந்த உச்ச ஸ்தாயி அப்படிப் பயின்று வந்தது. சபாக்களின் குளிர்ச்சியான அரங்குகளில் விளைந்த குரல் அல்ல அது, இரவெல்லாம் நடந்த நாடகங்களில் காசு கொடுத்து வந்த கூட்டத்தின் முன் உரம் பெற்ற குரல். அந்தக் குரலோடு 1920-களில் இலங்கைக்குப் போனார். அங்கே அவருடன் மேடையில் இணைந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா, அன்றைய நாடக உலகின் உச்ச நட்சத்திரம். இருவரும் சேர்ந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

கிட்டப்பா பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், ஏற்கெனவே மணமானவர். சுந்தராம்பாள் பார்ப்பனரல்லாத நாடகக்காரி. 1927-இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. மணவாழ்வும் விரைவில் கசந்தது. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்திருக்கின்றன. ஔவை வேடத்தை மட்டும் பார்த்தவர்கள் அவற்றைப் படித்தால் திடுக்கிடுவார்கள். காதலும் கோபமும் அவமானமும் கலந்து, தனக்குரிய இடத்தைக் கேட்டு வாதாடும் ஒரு பெண் அங்கே இருக்கிறார். அவர் புனிதவதியும் இல்லை, பாட்டியும் இல்லை.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆண் நடிகரோடும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதன்பின் கிட்டத்தட்ட 47 ஆண்டுகள், 1980-இல் இறக்கும்வரை, அந்த வெள்ளைச் சேலையிலேயே இருந்தார்.

வெள்ளைச் சேலை யாருடையது?

இதைத் தமிழ்ப் பத்திரிகைகள் காதல் காவியமாக எழுதிக் குவித்திருக்கின்றன. தெய்வீகக் காதல், கற்புக்கு இலக்கணம், வாழ்நாள் தவம். இந்தச் சொற்களை வாசிக்கும்போது நான் அம்பேத்கரிடம்தான் போகிறேன்.

1916-இல், தன் 25-ஆவது வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை அம்பேத்கர் வாசித்தார். அகமணம்தான் சாதியின் சாரம் என்று அதில் நிறுவினார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் ‘உபரி’ ஆகிறாள். அவள் வேறு குழுவில் மணந்தால் வேலி உடையும், தன் குழுவுக்குள் மறுமணம் செய்தால் மணமாகாத பெண்களுக்கு மாப்பிள்ளை குறையும். எனவே அவளைக் கணவனோடு எரி, அல்லது உயிரோடு வைத்து விதவையாக்கு. உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் சாதியைக் காக்கும் கருவிகள் என்றார். இந்தக் கதவை முதலில் சாத்திக்கொண்டது பார்ப்பனர்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து நகலெடுத்தார்கள் என்றும் அதே கட்டுரையில் விளக்கினார்.

சுந்தராம்பாள் உடுத்திய வெள்ளை அவருடைய சொந்தத் துயரத்தின் நிறம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சமூகம் அதைப் புகழ்ந்த விதம் சொந்தத் துயரம் பற்றியது அல்ல. நாடக மேடைப் பெண்ணை ஒழுக்கம் கெட்டவள் என்று பேசிய அதே வாய்கள், அவர் விதவைக்கோலம் பூண்ட பிறகு ‘அம்மா’ என்று கைகூப்பின. பார்ப்பனக் குடும்பத்து ஆணுக்காக, பார்ப்பனிய விதவைநெறியை, ஒரு பார்ப்பனரல்லாத பெண் ஏற்றதும் அவர் சுத்தமாகிவிட்டார். கவனியுங்கள், கொடுமுடி இருப்பது ஈரோட்டுக்கு அருகில். அதே ஈரோட்டிலிருந்து 1925 முதல் ‘குடி அரசு’ வந்துகொண்டிருந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தையும் பெண்ணின் சொத்துரிமையையும் வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. இன்னொரு வாழ்க்கையைக் கற்பனை செய்யும் மொழி அந்த மண்ணில் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெரும் சமூகம் கைதட்டியது வெள்ளைச் சேலைக்கு.

அவருக்குப் பிறகு கிடைத்த வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘மணிமேகலை’யில் துறவி. ‘ஔவையார்’ படத்தில், மணவாழ்வு வேண்டாம் என்று முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள். ‘பூம்புகா’ரில் சமணத் துறவி கவுந்தி அடிகள். ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில், உடலின் அழகை உதிர்த்துப் பேய் வடிவம் வேண்டியவள். பெண் பொதுவெளியில் பாடலாம், அரசனைக் கேள்வி கேட்கலாம், கடவுளிடமே வாதாடலாம். ஆனால் முதலில் இளமையையும் உடலையும் ஆசையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். செருப்பைப் போல.

1935: இரண்டு வாசல்கள்

இப்போது நந்தனுக்கு வருவோம். ஏனென்றால் வாசலில் எதையோ விட்டுவிட்டு வரச் சொன்ன இன்னொரு கதை அது.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தன் என்ன தொழில் செய்தார் தெரியுமா? கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். கோயில் உள்ளே ஒலித்த இசைக்கான பொருள் அவர் கையிலிருந்து போனது. அவர் மட்டும் உள்ளே போக முடியாது. கடைசியில் தில்லையில் நெருப்பு மூட்டப்படுகிறது. அதில் மூழ்கி, மார்பில் பூணூலோடு முனிவர் கோலத்தில் எழுந்த பிறகுதான் உள்ளே அனுமதி. நந்தன் நந்தனாக உள்ளே போகவே இல்லை.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் ‘நந்தனார் சரித்திர’த்தில் பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். பண்ணையாளான நந்தனைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுக்கும் வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுத்துவிட்டுப் போ என்று சொல்லும் ஆண்டை. தஞ்சைப் பண்ணையடிமை முறை அந்தப் பாத்திரத்தின் வழியாகக் கதைக்குள் வந்தது. ஆனால் அங்கேயும் நிலத்தைச் சிவன்தான் அறுத்துக் கொடுக்கிறார், முடிவில் நெருப்புதான் காத்திருக்கிறது. இந்தக் கதையையே புரட்டிப்போட்டவர் அயோத்திதாசர். நந்தனைப் பௌத்த அரசனாகவும், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவனாகவும் அவர் எழுதினார். அவருடைய நந்தன் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்பவன் இல்லை.

1935-இல் படமெடுத்தவர்கள் எடுத்துக்கொண்டது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனை. பூனா ஒப்பந்தத்துக்குப் பின் காந்தியின் அரிசன இயக்கம் கோயில் நுழைவைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அரசியலுக்கு, உருகி நிற்கும் நந்தன் பொருத்தமாக இருந்தான். சரியாக அதே 1935-இல், அக்டோபர் 13 அன்று, இயோலா மாநாட்டில் அம்பேத்கர் தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். திரையில் நந்தன் உள்ளே விடச் சொல்லி அழுதுகொண்டிருந்த ஆண்டில், அம்பேத்கர் வெளியே போகும் வழியைக் காட்டினார். இந்த இரண்டு வாசல்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அந்தப் படத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை.

இதைச் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் தலித் அல்ல. 1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் நடித்த தண்டபாணி தேசிகரும் தலித் அல்ல. நந்தனின் கண்ணீரைப் பிறர் பாடினார்கள், நந்தனின் மக்கள் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தக் குறையை அவருடைய திறமையைக் காட்டி மறைக்க முடியாது. ஆனாலும் 1935-இன் அந்த உருவத்தில் எனக்கு ஒன்று முக்கியமாகப் படுகிறது. பார்ப்பனிய விதிப்படி விதவை, நல்ல காரியம் நடக்கும் இடத்தில் எதிரே வரக்கூடாதவள். ‘தீண்டத்தகாதவர்’ கோயில் தெருவிலேயே வரக்கூடாதவர். விலக்கப்பட்ட அந்த இருவரையும் ஒரே உடலில் சுமந்துகொண்டு ஒருவர் ஊர் ஊராகத் திரையில் பாடினார். இயக்குநரோ தயாரிப்பாளரோ இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் சாதியும் ஆணாதிக்கமும் எந்த இடத்தில் கைகோக்கின்றன என்று அம்பேத்கர் எழுதினாரோ, அந்த இடத்தில்தான் அந்த உருவம் நிற்கிறது.

கலாநிதியும் கூலியும்

அந்தப் படத்தில் ஆண்டையான வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர், கர்நாடக இசையின் பெரும் பெயர்களில் ஒருவர். 1945-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. நந்தனாக நடித்தவருக்கு அந்த விருது கடைசிவரை வரவில்லை. அவர் கச்சேரி வித்துவான், இவர் நாடகப் பாடகி, ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஒப்பிடக் கூடாது என்ற அந்தக் கோட்டை யார் கிழித்தது, எந்த மேடையில் பாடினால் சங்கீதம், எந்த மேடையில் பாடினால் வெறும் பாட்டு என்பதுதான் என் கேள்வி. தெலுங்குக் கீர்த்தனைகளுக்கே முதலிடம் தந்த சபாக்களுக்கு எதிராக எழுந்த தமிழிசை இயக்கம்தான் அவரை மதித்தது. தமிழ் இசைச் சங்கம் அவருக்கு ‘இசைப்பேரறிஞர்’ பட்டம் கொடுத்தது. 1969-இல் வந்த ‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ.

இந்தக் கோடு இன்றும் அழியவில்லை. மிருதங்கத்துக்குத் தோல் பதமாக்கி, இழுத்துக் கட்டித் தரும் கைவினைஞர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு 2020-இல் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கு தந்து, பின்னர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. நந்தன் கொடுத்த தோல் உள்ளே போகலாம், தோலைப் பற்றிய பேச்சு போகக் கூடாது.

விருதை விடுங்கள். சுந்தராம்பாளிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் கூலியில் இருக்கிறது. ‘பக்த நந்தனார்’ எடுக்க வந்த தயாரிப்பாளர் அசன்தாஸ் நடிக்கக் கேட்டபோது, அவரைத் தட்டிக்கழிக்கவே சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொல்வார்கள். ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் ஊதியம் பெற்ற முதல் இந்தியக் கலைஞர் என்று திரை வரலாறுகள் அவரைக் குறிப்பிடுகின்றன. தட்டிக்கழிக்கக் கேட்டாரோ, தன் மதிப்பை அறிந்து கேட்டாரோ, கேட்டார் என்பதுதான் முக்கியம். ரயிலில் காசுக்குப் பாடிய சிறுமி, தன் குரலுக்கு விலையைத் தானே சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். யாரோடு நடிப்பேன், யாரோடு நடிக்கமாட்டேன் என்ற நிபந்தனையையும் அவரே விதித்தார். நடிகைகளை முதலாளிகள் தங்கள் சொத்தாக நினைத்த துறையில், சமூகம் அவர்மேல் போர்த்திய வெள்ளைச் சேலையையே அவர் கேடயமாக்கிக்கொண்டார் என்றும் இதை வாசிக்கலாம்.

1950-களில் சென்னை மாகாண சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். பின்னாளில் திரையிலிருந்து கோட்டைக்குப் போன ஆண்கள் பலரைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். அவர்களுக்கெல்லாம் முன்னால் அந்த அவைக்குள் நடந்து போனது ஒரு நாடகக்காரி என்பதைப் பாடப்புத்தகங்கள்கூட அழுத்திச் சொல்வதில்லை.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு

சுத்திகரித்து ஏற்றுக்கொள்வது சாதிய சமூகத்தின் மிகப் பழைய தந்திரம். நந்தனை நெருப்பில் இறக்கிப் பூணூலோடு எடுத்தார்கள். அதே சோழநாட்டில் 1968-இல், கூலி கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது, யாரும் முனிவராக எழுந்து வரவில்லை. நெருப்பு யாரையும் சுத்தமாக்காது, எரிக்கும் என்பதை வெண்மணி சொன்னது. சுந்தராம்பாளுக்கு நேர்ந்தது கொலை அல்ல, அதை இதோடு சமப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு மனிதரை அவருடைய வேலை, கோபம், ஆசை, விலை எல்லாவற்றோடும் ஏற்க மறுத்து, கழுவித் துடைத்த பிறகே மேடையில் அமர்த்தும் மனம் ஒன்றுதான்.

அந்த மனத்தை 2024 நவம்பரில் மீண்டும் பார்த்தோம். வடசென்னையிலிருந்து வந்த கானா பாடகி இசைவாணி, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஐயப்பன் பாடலைத் தோண்டியெடுத்து அவர்மேல் வசவையும் மிரட்டலையும் கொட்டினார்கள். அதுவும் ஒரு கோயில் வாசலைப் பற்றிய பாடல்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்தப் பெண் வாசலில் உருகி நிற்கவில்லை, கேள்வி கேட்டார். ஆண் வேடமும் போடவில்லை, வெள்ளையும் உடுத்தவில்லை, வயதாகும்வரை காத்திருக்கவும் இல்லை. தன் வயதில், தன் உடையில், தன் மொழியில் பாடினார். அவரை வசைபாடிய பலருடைய கைப்பேசியில் சுந்தராம்பாளின் முருகன் பாட்டு அழைப்பொலியாக இருக்கும். பாடும் பெண்ணை அவர்கள் வெறுக்கவில்லை. சுத்திகரிக்கப்படாமல் பாடும் பெண்ணைத்தான் சகிக்க முடியவில்லை.

அதனால்தான் சுந்தராம்பாளை அவர்களிடமே விட்டுவிடக் கூடாது என்கிறேன். அவர் நம் கருத்தாளர் என்று பொய் சொல்லத் தேவையில்லை. அவர் பக்தர், காந்தியவாதி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அவருடைய பிறந்தநாளில் ஔவை வேடப் படத்தைப் பகிரும் தோழர்கள், கூடவே நந்தன் வேடத்தையும் லட்ச ரூபாயையும் கோபமான அந்தக் கடிதங்களையும் பேசுங்கள். உங்கள் ஊரில் தெருக்கூத்திலும் ஸ்பெஷல் நாடகத்திலும் ஒப்பாரியிலும் கானாவிலும் பாடி ஓய்ந்த பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தக் கடவுளைப் பாடினீர்கள் என்று கேட்பதற்கு முன், ஓர் இரவுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், அதைக் கேட்டு வாங்கினீர்களா, யார் தர மறுத்தார்கள் என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.